போட்டோவில் இல்லாத சரிவு

நூறு வருஷத்துக்கு மேலான ஸ்டேஷனாம், அதைப் பாதுகாக்கணுமாம். பாதுகாத்துட்டுப் போங்கய்யா, யார் வேண்டாம்னா? என் தங்கச்சி உள்ள போற வழியை இடிச்சுப்புட்டு என்னய்யா பாதுகாப்பு?

அவதான் அங்க அறிவிப்பு சொல்றவ. எந்த ரயில் எந்த பிளாட்பாரம்னு ஊரே கேக்குறது அவ குரலைத்தான். சின்ன வயசுல வந்த காய்ச்சல்ல கால் ரெண்டும் போச்சு, அதுலேர்ந்து சக்கர நாற்காலிதான். வாசல் படிக்கு ஓரமா ஒரு சிமெண்ட் சரிவு இருந்துச்சு. தானே உருட்டிக்கிட்டு ஜம்முனு ஏறுவா. உள்ளதான் என் டீக்கடை. அக்காதானேன்னு ஒரு நாள்கூடத் தள்ள விட்டதில்ல. கை வச்சா கடிச்சுத் துப்பிடுவா.

ஸ்டேஷனைப் புதுப்பிக்க வந்த அதிகாரி, அந்தக் காலத்துல எடுத்த போட்டோவைக் கையில வச்சுக்கிட்டே சுத்தினார். போட்டோவுல இல்லாதது எதுவும் வாசல்ல இருக்கக் கூடாதாம். சரிவு அதுல இல்ல. அவ லீவுல இருந்த அன்னைக்குப் பார்த்து உடைச்சு அள்ளிட்டாங்க.

மறுநாள் படிக்குக் கீழேயே மாட்டிக்கிட்டா.

"நாலு பேர் சேர்ந்து தூக்கிட்டுப் போங்கப்பா"ன்னார் அதிகாரி, பெரிய மனசு பண்ணி.

"நான் என்ன சார், பார்சலா?"ன்னா இவ.

"அப்ப ஒண்ணு பண்ணும்மா. எல்லா அறிவிப்பையும் பேசிப் பதிவு பண்ணிக் கொடுத்துடு. நீ வராட்டியும் உன் குரல் இங்க இருக்கும்ல?"

குரல் வேணும், ஆள் வேண்டாமா? "உங்க ரூம் ஏ.சி. அந்தப் போட்டோவுல இருக்கா சார்?"னு கேட்டுட்டேன். "நீ போய் டீயைப் பாரு"ன்னார்.

வேலையில்லாம அவ வீட்டுலயே கிடந்தா. திறப்பு விழா அன்னைக்குப் பார்த்தா, படி மேல பலகையைச் சாய்ச்சு, சிவப்புக் கம்பளம் விரிச்சிருக்கு! சிறப்பு விருந்தினருக்கு முட்டி வலியாம், படி ஏற மாட்டாராம். அடப்பாவிங்களா! உடனே அவளுக்குப் போன் போட்டேன்.

விருந்தினர் ஏறினார். அவர் பின்னாடியே, கைதட்டலுக்கு நடுவுல, என் தங்கச்சியும் உருட்டிக்கிட்டு ஏறிட்டா. கேமரா முன்னாடி தடுக்க எவனுக்குத் துணிச்சல் வரும்? அதிகாரி பல்லைக் கடிச்சுக்கிட்டே சிரிச்சார். அவ நேரா அறிவிப்பு ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டா.

விழா முடிஞ்சு விருந்தினர் கார் கிளம்பின கையோட பலகையைக் கழட்டிட்டாங்க. அதிகாரி அவ கதவைத் தட்டினார். "வந்துட்டே சரி, இனி எப்படிம்மா வெளிய போவே?"ன்னு நக்கலா கேட்டார்.

அவ கதவைத் திறக்கல. ஸ்டேஷன் பூரா ஸ்பீக்கர்ல பதில் வந்துச்சு.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. விருந்தினருக்காகப் போட்ட பலகை இப்போது எடுக்கப்பட்டுவிட்டது. சக்கர நாற்காலியில் வேலைக்கு வந்த நான் வெளியே போக வழியில்லை. சரிவைத் திரும்பக் கட்டும்வரை இந்த அறையிலேயே இருப்பேன். ரயில்கள் வழக்கம்போல் அறிவிக்கப்படும்."

அடுத்த ரயில் வந்துச்சு. பிளாட்பாரம் நம்பரைச் சொன்னா. சொல்லி முடிச்ச கையோட, பலகை விஷயத்தை மறுபடியும் முதல்லேர்ந்து ஆரம்பிச்சா.