ஒன்று வாங்கியவள்

வெளிநாட்டில் வாங்கிய பட்டம் உள்நாட்டுப் பட்டத்துக்கு ஈடாகுமா ஆகாதா என்று சொல்வதற்கென்றே கிர்கிஸ் தலைநகர் பிஷ்கெக்கில் ஓர் அலுவலகம் இருந்தது. அதன் தலைவர் ஜுமாதில். பிறந்ததிலிருந்து எல்லை தாண்டிக் கால் வைக்காதவர். ஆனால் எந்த நாட்டுப் படிப்பு என்ன லட்சணம் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். கண்ணைத் திறந்து பார்த்ததே இல்லை என்பது வேறு விஷயம்.

அவர் எதிரே சைகல் உட்கார்ந்திருந்தாள். ஜெர்மனியில் ஐந்தரை வருடம் கால்நடை மருத்துவம் படித்தவள். அவளுடைய சொந்த ஊரான அட்-பாஷியில் அரசுக் கால்நடை மருத்துவர் வேலை அவளுக்கென்று எடுத்துவைக்கப்பட்டிருந்தது. இன்று மாலை ஐந்து மணிவரை. அதற்குள் இந்த அலுவலகத்தின் அங்கீகாரத் தாளைப் படம் பிடித்துப் போனில் அனுப்பாவிட்டால் அந்த வேலை வேறொருவனுக்குப் போய்விடும். ஆறு வாரமாக அந்தத் தாளுக்காக நடையாய் நடந்து கால் ஓய்ந்துவிட்டாள். இப்போது மணி மூன்றரை.

ஜுமாதில் மதிப்பெண் பட்டியலை விரலால் தடவிக்கொண்டே வாசித்தார்.

"ஒன்னு. ஒன்னு. இந்தா ஒரு ரெண்டு. மறுபடி ஒன்னு. அடியே புருல்கான், தேத்தண்ணிய வச்சிட்டு இங்க வா. இந்தக் கூத்தப் பாரு."

செயலாளர் புருல்கான் வந்து எட்டிப் பார்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டாள். கிர்கிஸ் பள்ளிக்கூடங்களில் ஐந்துதான் உச்சம். இரண்டு வாங்கினால் தேறவில்லை என்று பொருள். ஒன்று என்பது, வாத்தியாருக்குக் கண்மண் தெரியாமல் கோபம் வந்தால் மட்டும் போடுவது.

"ஐயா, போன வாரமே சொன்னேன். ஜெர்மனியில ஒன்னுதான் ஒசத்தி. அஞ்சுன்னா ஃபெயிலு," என்றாள் சைகல்.

"அதாவது, அவன் தலைகீழா எண்ணுறான்."

"அவங்க முறை அது."

"கார் செய்யத் தெரிஞ்சவனுக்கு எண்ணத் தெரியாதா? யார்கிட்டம்மா கதை விடுற?" ஜுமாதில் நாற்காலியில் சாய்ந்தார். "அதவிடு. குதிரையப் பத்திப் படிக்க ஒரு கிர்கிஸ் பொண்ணு ஜெர்மன்காரன்கிட்டப் போயிருக்கா. நாம நடக்கறதுக்கு முன்னாடியே குதிரை ஏறினவங்க. அவன்கிட்டப் போயி, அதுலயும் ஒன்னு வாங்கிட்டு வந்திருக்கே!"

சைகலுக்குக் காது மடல் சுட்டது. இந்த ஊரில் ஐந்து எப்படி வாங்குவது என்று அவளுக்கும் தெரியும். தேர்வுக்கு முந்தின வாரம் ஒரு கொழுத்த ஆடு பேராசிரியர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் மாட்டின் வயிறு எந்தப் பக்கம் என்று தெரியாதவனும் ஐந்து வாங்கிவிடுவான். அவளுடையவையோ, மாட்டுக் கொட்டிலில் பசுவின் வயிற்றுக்குள் தோள்வரை கையை விட்டுக் கன்றைத் திருப்பி வாங்கிய ஒன்றுகள். சொல்லியிருப்பாள். ஆனால் மணி மூன்றே முக்கால் ஆகியிருந்தது.

பட்டியலைத் திருப்பிக் காட்டினாள். "பின்னாடி அச்சடிச்சிருக்கு பாருங்க. ஒன்னு, மிக நன்று. மொழிபெயர்ப்பும் கூடவே இருக்கு."

ஜுமாதில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தை அக்கறையாகப் பார்த்தார். வரிகளை அல்ல. நாலு மூலையையும் பார்த்தார்.

"முத்திரை எங்க?"

"முன்பக்கம் இருக்கே."

"முன்பக்கம் இருக்கிறது முன்பக்கத்துக்கு. பின்பக்கத்துல வட்ட முத்திரை இல்ல. முத்திரை இல்லாத எழுத்த யார் வேணா எழுதலாம். பின்பக்கத்துக்கு ஒரு முத்திரை வாங்கிட்டு வா."

"போன தடவ நீங்க சொன்னப்பவே பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டேன் ஐயா. பின்பக்கத்துக்கெல்லாம் முத்திரை குத்துற வழக்கமில்லன்னு பதில் போட்டுட்டாங்க."

"பாத்தியா? அவனே கை கழுவிட்டான்."

புருல்கானுக்கு மனசு கேட்கவில்லை. "அண்ணே, இத்தன ஒன்னு வாங்கினவளுக்கு அவன் பட்டம் எப்படிக் குடுத்தான்? யோசிங்க. அதுவுமில்லாம நம்ம ஃபாரத்துல ரெண்டுலேர்ந்துதான் கட்டம் இருக்கு. ஒன்ன எங்க எழுதறது?"

இது ஜுமாதிலை உண்மையிலேயே கலங்கடித்தது. ஒரு பெண்ணின் வாழ்க்கை போவதில் அவருக்குச் சங்கடமில்லை. ஃபாரத்தில் கட்டம் இல்லாததுதான் சங்கடம். தாடையைச் சொறிந்தார். ஜன்னலைப் பார்த்தார். ஆறின தேநீரை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"நீ அஞ்சுங்கிற. நான் ஒன்னுங்கிறேன். உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். நடுவுல மூணு போட்டுடறேன். எல்லாப் பாடத்துக்கும் மூணு. மூணுன்னா தேறினதா அர்த்தம். வேலை கெடைச்சிடும். ஆனா 'இதுல எனக்கு ஆட்சேபணை இல்ல'ன்னு கீழ ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடணும்."

ஆட்டுச்சந்தையில் பேரம் முடிப்பதுபோல் ஐந்தரை வருடப் படிப்பை முடித்துவிட்டார். அந்தத் தாளை மூஞ்சியில் விட்டெறிய வேண்டும்போல் இருந்தது சைகலுக்கு. எறிந்தால் ஜெர்மனிக்கே திரும்பி, கொழுத்த வீட்டு நாய்களுக்கு நகம் வெட்டலாம். அதற்கா படித்தாள்? எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். எழுதிய கையை அவளுக்கே பிடிக்கவில்லை. புருல்கான் முத்திரையை ஊதி ஊதிக் குத்தினாள். நாலரைக்குப் படம் அட்-பாஷிக்குப் போயிற்று. 'திங்கட்கிழமை வந்து சேரவும்' என்று உடனே பதில் வந்தது.

அவள் எழுந்தபோது ஜுமாதிலும் எழுந்தார். குரல் குழைந்திருந்தது.

"மகளே, ஒரு சின்ன விஷயம். எங்கிட்ட ஒரு பெட்டைக் குதிரை இருக்கு. பந்தயத்துல ஓடினது. மூணு வாரமா முன்னங்கால ஊனமாட்டேங்குது. நாலு டாக்டர் பாத்துட்டான். எல்லாரும் நல்ல டாக்டருங்கதான். ஜெர்மன் முறையில எதாச்சும்..."

சைகல் அவரை மேலும் கீழும் பார்த்தாள். சிரிப்பு வந்தது, அருவருப்பும் வந்தது.

"அந்த நாலு பேரும் எவ்வளவு ஐயா வாங்கினவங்க?"

"அஞ்சு. எல்லாருமே அஞ்சு," என்றார் பெருமை விடாமல்.

"அப்ப நான் எதுக்கு? நான் மூணு. நீங்கதானே போட்டீங்க."

கதவுவரை போய்விட்டாள். அந்தக் குதிரை என்ன பாவம் செய்தது? இவரிடம் வந்து சேர்ந்ததுதான் அது செய்த ஒரே பாவம். திரும்பாமலே கேட்டாள்.

"என்ன பண்ணாங்க?"

"தோள்ல ஊசி போட்டாங்க. பதினோரு ஊசி."

"குளம்பத் தொட்டுப் பாத்தாங்களா? சுடுதா?"

ஜுமாதில் விழித்தார். "குளம்பையா? அத யாரும் தொடலியே."

"நடக்கறதுக்கு முன்னாடியே குதிரை ஏறினவங்களாச்சே, நீங்களாச்சும் தொட்டிருக்கலாம். குளம்புக்குள்ள சீழ் கட்டியிருக்கும்னு நெனைக்கிறேன். கீறி விட்டா நாலஞ்சு நாள்ல நடக்கும். வாங்க, காட்டுங்க."

ஜுமாதிலுக்குக் கண் கலங்கிவிட்டது. மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு புது ஃபாரத்தை எடுத்தார். "நீ தங்கமான பொண்ணு. அது மட்டும் நடந்துடுச்சுன்னா, உன் மூணையெல்லாம் நாலாக்கிடறேன். அஞ்சுகூட ஆக்கலாம்!"

"வேணாம் ஐயா, அந்த மூணு அப்படியே இருக்கட்டும்," என்றாள் சைகல். "குதிரை ஓடறப்ப யாரு சரிபண்ணதுன்னு ஊரே கேக்கும். அஞ்சு வாங்கின நாலு பேரு பாத்தும் ஆகல, மூணு வாங்கினவதான் எழுப்பி விட்டான்னு நீங்களே உங்க வாயால சொல்லணும். அதான் என் கூலி."