மூன்றாவது பத்துமணி

அலைத்தடுப்புச் சுவர் கட்டுகிற அந்தச் சென்னைக் கம்பெனி எந்தப் புது நாட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் அனுப்புவது தூத்துக்குடி ரெக்சனைத்தான். ஓமன், மொசாம்பிக், கானா. தனி ஆளாய்ப் போய் இறங்கி, உள்ளூர்க் கூட்டாளி ஒருவரைப் பிடித்து, உள்ளூர்ப் பையன்களையே வேலைக்குப் பழக்கி, தான் இல்லாமலே எல்லாம் நடக்கும் என்று ஆனதும் அடுத்த நாட்டுக்குக் கிளம்பிவிட வேண்டும். கம்பெனி வளர்ந்த சூத்திரமே அதுதான். நல்ல சூத்திரம்தான், யார் இல்லை என்றார்கள்!

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். மில்லர்புரத்துச் சொந்த வீட்டில் ரெக்சனுக்கு வருஷத்துக்கு மூன்று வாரம்.

இந்தத் தடவை முதலாளி இரண்டு வழி சொல்லியிருந்தார். கென்யாவில் புதுக் கிளை. இல்லையென்றால் தூத்துக்குடித் துறைமுக வேலையைப் பார்த்துக்கொண்டு ஊரோடு இருக்கலாம். ரெக்சனுக்கு ஊர்தான் வேண்டும். பெண்டாட்டி சுஜிதாவிடம் அந்தி ஜெபம் முடிந்ததும் சொல்லலாம் என்றிருந்தான்.

ஜெபமாலைக்கு எல்லாரும் முழங்காலிட்டார்கள். பத்துப் பத்து மணியாய் ஐந்து பத்துமணி; ஆளுக்கு ஒன்று முன்சொல்ல வேண்டும், மற்றவர்கள் பதில் சொல்வார்கள். கல்யாணமான புதிதிலிருந்தே மூன்றாவது ரெக்சனுடையது. முறை வந்ததும் கண்ணை மூடிக் கம்பீரமாய் ஆரம்பித்தான். கூடவே மகள் டயானாவும் ஆரம்பித்து, வெலவெலத்து நிறுத்திவிட்டாள். சுஜிதா, மகன் ஜெனோ, டயானா, பக்கத்து வீட்டு ஹில்டா, அவள் புருஷன் என்று எப்போதோ பங்கு பிரித்தாகிவிட்டது. அவனுக்கென்று ஒரு மணிகூட இல்லை. நீயே சொல்லு மக்கா என்று ஒதுங்கிக்கொண்டான்.

பக்கத்து வீட்டார் போனதும் சொல்லிவிட்டான்.

"நான் இனி எங்கயும் போகல. இங்கனயே இருக்கலாம்னு பாக்கேன்."

சுஜிதா திகைத்துப்போய் நின்றாள்.

"இங்கன இருந்து என்ன செய்யப் போறீய?"

கோபமில்லை, குத்தலில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். சண்டை பிடித்திருந்தால்கூட அவன் சந்தோஷப்பட்டிருப்பான். பாழாய்ப்போன வாய், கேட்டதற்குப் பதிலா சொல்லிற்று?

"சும்மா சொன்னேன். கென்யாவுக்குப் போணும்."

அவள் முகம் சட்டென்று தெளிந்தது. மக்ரூன் எத்தனை பாக்கெட் வாங்க வேண்டும், சாளைக் கருவாடா நெத்திலியா, அங்கே குளிருமா என்று ஒவ்வொன்றாய் விசாரிக்க ஆரம்பித்தாள். இவ்வளவு ஆசையாய் அவள் அவனிடம் பேசி வருஷக்கணக்காயிற்று. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் அந்தப் பேச்சை விட மனசில்லாமல், ரெக்சன் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.