பதினொரு நிமிட மழை

கேம் இன்ஸ்டாலர் இருபது ஜிபிக்குள் அடங்கியாக வேண்டும். முந்நூறு எம்பி மிஞ்சி நின்றது. கேமில் வரும் வீடியோக்களைச் சுருக்குவதும், சுருக்கியபின் எங்கே பிசிறடிக்கிறது என்று பார்ப்பதும் அவள் வேலை. காலையிலிருந்து ஒரு புகைக் காட்சியையே பதினாலு தடவை ஓட்டியிருந்தாள். தரத்தை இம்மி குறைத்தாலும் புகை கட்டம் கட்டமாக உடைந்தது. கண் எரிந்தது.

டீம் லீடு வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றான். சண்டைக் காட்சிகளில் இனி கைவைக்க வேண்டாம், முடிவில் பேர் ஓடுகிற வீடியோவைக் குறை என்றான். கொட்டுகிற மழைமேல் பதினொரு நிமிடம் வெள்ளை எழுத்து ஊர்ந்து போகும். இருப்பதிலேயே கனமான வீடியோ அதுதான்.

அதன் கடைசி வரிகளில் அவள் பேரும் இருந்தது. ஏஜென்சி மூலம் வந்தவர்களுக்கு அனுபவச் சான்றிதழ் கிடையாது என்று சேரும்போதே சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமையோடு ஒப்பந்தம் முடிகிறது. இரண்டு வருடம் இங்கே உழைத்தேன் என்று அடுத்த இடத்தில் காட்ட அவளிடம் இருந்தது அந்த ஒரு வரி. மகள் பேர் கேமில் வரும் என்று தையல் கம்பெனியில் அம்மா எல்லாரிடமும் வேறு சொல்லிவைத்திருந்தாள்.

"மழையை எடுத்துட்டு வெறும் கறுப்பு வெச்சா போதும் சார். எழுத்தும் பளிச்சுனு இருக்கும், சைஸும் குறைஞ்சிடும்."

"மழை டைரக்டர் கேட்டது. மாத்தணும்னா மேல கேக்கணும், ரெண்டு நாள் ஆகும். தரத்தைக் குறைக்க யாரையும் கேக்க வேண்டாம்."

"பேரு படிக்க முடியாது சார்."

"கடைசி வரைக்கும் யாரும்மா உக்காந்து பாக்கப் போறாங்க?"

பக்கத்து சீட்டு சோடாபுட்டியும் ஏஜென்சி ஆள்தான். "விடு தாயி, என் பேரை எப்படியும் தப்பாத்தான் போட்டிருப்பாங்க" என்று சிரித்தான்.

"உனக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கு. சிரிப்ப."

தரத்தைக் குறைத்து மழை வீடியோவைச் சுருக்கப் போட்டாள். நாற்பது நிமிடம் ஓடி முடிந்தது. இன்ஸ்டாலர் இருபதுக்குள் வந்துவிட்டது. அவள் வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். முதலாளியின் பேர் உள்ளங்கை அகலத்தில் தெளிவாக மேலேறியது. பிறகு டைரக்டர். கீழே போகப்போக எழுத்து சிறுத்தது. ஏஜென்சி ஆட்கள் நாற்பது பேரும் சுவரில் வழிந்த சுண்ணாம்பு போல இழுபட்டுப் போனார்கள். வீடியோவை நிறுத்தி, இரண்டாம் பத்தியில் ஏழாவது என்று எண்ணித்தான் தன்னைக் கண்டுபிடித்தாள்.

லீடு பின்னாலேயே நின்றான். அவள் சோதனைப் படிவத்தைத் திறந்து, 'குறை ஏதும் உண்டா' என்பதற்கு எதிரே 'இல்லை'யில் டிக் போட்டாள். சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் லீடின் பெயர் ஏற்கெனவே இருந்தது.