மந்திரியை வெளியே எடு

இசக்கிசெல்வி செம்பூர்ச் சதுரங்கப் போட்டியில் இதுவரை ஓர் ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. தாராவியில் அவள் தெருவே இதைக் கேலி பேசி ஓய்ந்துவிட்டது. இந்த முறையும் தோற்றால் இனிப் பலகையைத் தொடுவதில்லை என்று சபதம் போட்டிருந்தாள். காலை ஆட்டங்களெல்லாம் போய், கடைசி ஆட்டம்தான் பாக்கி.

கூட வந்த புதுமாப்பிள்ளை மாரிசெல்வம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா? திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. அவனும் சதுரங்கம் ஆடுவான் என்பதே அவளுக்கு இன்று பஸ்ஸில் வரும்போதுதான் தெரியும்.

"செல்வி, ராசா முன்னால நிக்க சிப்பாயத் தள்ளு. அடுத்தாப்ல மந்திரிய வெளிய எடு. மத்தத பொறவு பாத்துக்கிடலாம்."

அவளுக்குத் திக்கென்றது. எடுத்த எடுப்பில் மந்திரியை வெளியே விட்டால் எதிரிக் காய்களெல்லாம் துரத்துமே! ஆனாலும் கட்டியவன் முதன்முதலாகச் சொன்ன யோசனை. முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று போய் உட்கார்ந்தாள்.

எதிரே மாட்டுங்கா ரஞ்சனா, போன வருஷம் பரிசு வாங்கியவள். இருவரும் சிப்பாயைத் தள்ளினார்கள். செல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டு மந்திரியை ஓரம் வரை விட்டாள்.

ரஞ்சனாவுக்குச் சிரிப்பு வந்தது. கத்துக்குட்டி என்று நினைத்து, யோசிக்காமல் குதிரை முன்னாலிருந்த சிப்பாயை நகர்த்தி மந்திரியை விரட்டினாள். அது ஓடவில்லை. நடுவில் நின்ற சிப்பாயை வெட்டி ராஜாவுக்கு செக் வைத்தது. ராஜாவைக் காப்பாற்றுவதற்குள் மூலை யானை பறிபோனது.

"அடடா, யானையைக் கோட்டை விட்டுட்டேனே!" என்று ரஞ்சனா நெற்றியில் தட்டிக்கொண்டாள். அதன்பின் செல்வி ஒவ்வொரு காயையும் பார்த்துப் பார்த்து ஆடினாள். கடைசியில் ரஞ்சனா சிரித்தபடி கை கொடுத்தாள்.

செல்வி வெளியே ஓடிவந்தாள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "ஜெயிச்சுட்டேங்க! நீங்க சொன்ன மாரியே மந்திரிய எடுத்தேன். நேரா நடுவுல போயி வெட்டி, யானையவும் தூக்கிட்டு!"

"நேராவா? மந்திரி சாய்வாத்தானட்டி போவும்?"

"சாய்வா போறது ஒட்டகம்லா! இந்தியில மந்திரின்னா ராஜாவுக்கு ஜோடியா நிக்குமே, அது."

மாரிசெல்வத்துக்கு முகம் வெளிறியது. "அடிப்பாவி, எங்கூர்ல அது ராணிட்டி! ரெண்டாவது காய் நகத்தையிலயே ராணியவா தெருவுல விட்ட?"

அவன் எடுக்கச் சொன்னது ஒட்டகத்தை என்று செல்விக்கு அப்போதுதான் புரிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த போட்டிக்கும் நீங்கதான் யோசனை சொல்லணும். உங்க ஊர்த் தமிழ்லயே சொல்லுங்க. எனக்குப் புரிஞ்சிரக் கூடாது."