டிஸ்குக்கு அடியில் கிடந்த மெயில்

தங்கை புருஷன் என்பதற்காகச் சந்தேகப்படாமல் இருக்க முடியுமா? என்னால் முடியாது. பக்கத்து மேசைக்காரர் சிரித்தாலே எதற்குச் சிரிக்கிறார் என்று யோசிக்கிற ஆள் நான்.

சனிக்கிழமை கரண்ட் போய் சர்வர் அணைந்து, தானாகவே மறுபடி எழுந்தது. திங்கட்கிழமை வந்து பார்த்தால், எங்கள் சரக்குக் கம்பெனியில் ஒருத்தருக்கும் பழைய மெயில் இல்லை. கரண்ட் வந்த பிறகு வந்தவை மட்டும்தான் இருந்தன. மெயில் என் பொறுப்பு என்பதால் ஆளாளுக்கு என்னைக் கரித்துக் கொட்டினார்கள். அதே மெஷினில் ஓடும் டேட்டாபேஸுக்கோ ஒரு கீறல்கூட இல்லை. அதைப் பார்ப்பவர் மாப்பிள்ளை. சர்வரில் எதை வேண்டுமானாலும் அழிக்க முடிகிற ரூட் பாஸ்வேர்டு என்னைத் தவிர தெரிந்த ஒரே ஆளும் அவர்தான்.

கொஞ்ச நாளுக்கு முன்பு ஒரு பெரிய வாடிக்கையாளரின் முகவரியை அவர் மாற்றிப் போட்டு, சரக்கு வேறெங்கோ போய்விட்டது. அந்த ஆள் அனுப்பிய காட்டமான புகார் மேனேஜரின் பெட்டியில் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. மாப்பிள்ளையை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று மேனேஜர் இந்த வாரம் முடிவு செய்யவேண்டும். பேக்கப் இருக்கும் லாக்கர் சாவியோ, வெளியூர் போயிருந்த மேனேஜரிடம். எல்லாம் மாப்பிள்ளைக்கு வசதியாக அமைந்தது எனக்குத் தற்செயலாகப் படவில்லை.

கோபம் வந்தால் என் கை சும்மா இருக்காது. 'மெயில்களை அழித்தது இவர்தான்' என்று மேனேஜருக்கு ஒரு மெயில் தட்டிவிட்டேன். அவர் ஆபீஸுக்கு வந்துதான் மெயில் பார்ப்பார், மதியம் வந்துவிடுவார். அனுப்பிய பிறகுதான் தங்கையின் ஞாபகம் வந்தது. மாப்பிள்ளையின் இந்த வேலையை நம்பித்தான் அவள் தன் வேலையை விட்டிருந்தாள்.

சர்வர் ரூமில் மாப்பிள்ளை திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு எதையோ தட்டிக்கொண்டிருந்தார். நாற்காலியை இழுத்து ஒட்டிப் போட்டு உட்கார்ந்தேன்.

"என்ன பண்றீங்க மாப்ள?"

"தேடறேன் மச்சான்."

"எத? அழிக்காம விட்டதையா?"

அவர் தட்டிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் கை அப்படியே நின்றது. நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"எதுவும் அழியல மச்சான். நீங்க லீவுல இருந்தப்ப, இடம் பத்தலன்னு மெயிலுக்குப் புது டிஸ்க் போட்டேன்ல? அப்ப கையால கமாண்ட் அடிச்சு மெயில் ஃபோல்டர்ல மாட்டிட்டு விட்டுட்டேன். மெஷின் எழுந்திரிக்கும்போது தானா மாட்டிக்கறதுக்கு ஃபைல்ல ஒரு வரி எழுதணும். அத மறந்துட்டேன். டிஸ்க் சும்மா கெடக்கு, மெயிலெல்லாம் அதுலயேதான் இருக்கு."

நான் நம்பவில்லை. கீபோர்டைப் பிடுங்கி, டிஸ்கை வேறொரு ஃபோல்டரில் மாட்டிப் பார்த்தேன். எல்லாமே இருந்தது, அவர்மேல் வந்த அந்தப் புகார் உட்பட.

"சரி, அத மெயில் இருக்கிற எடத்துல மாட்டி விடுங்க. வேல முடிஞ்சுது."

"அப்படியே மாட்டினா, சனிக்கிழமையிலேருந்து அந்த எடத்துல வந்து விழுந்த மெயிலெல்லாம் டிஸ்குக்கு அடியில போயிடுமே."

எனக்குத் தெரியாதா என்ன? விரிப்புமேல் இன்னொரு விரிப்பைப் போடுகிற மாதிரிதான். கீழே இருப்பது அழியாது, ஆனால் யார் கண்ணிலும் படாது. நான் அனுப்பியதும் படாது.

"ரெண்டு நாள் மெயில்தானே மாப்ள, போனாப் போகுது."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். காலையிலிருந்து நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த அதே பார்வை.

"ஒரு மெயில் லேட்டானாலே ஆபீஸையே ரெண்டாக்குவீங்க. இப்பப் போனாப் போகுதுங்கறீங்க. அதுல என்ன மச்சான் இருக்கு?"

வெளியே மேனேஜரின் குரல் கேட்டது. ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் உள்ளேயே போய்விட்டது.

"உங்களப் பத்தி மேனேஜருக்கு எழுதியிருக்கேன். நீங்கதான் அழிச்சீங்கன்னு."

அவருடைய காது சிவந்துவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அவசரமாகச் சொன்னேன்.

"அது ஒண்ண மட்டும் தூக்கிட்டு மிச்சத்தச் சேத்துடலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

"தூக்கினா நீங்க எழுதினது உண்மையாயிடும் மச்சான்."

கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மெயில் வருவதைச் சற்று நிறுத்திவிட்டு, புதியவற்றை ஓரமாக எடுத்து வைத்தார். டிஸ்கை மாட்டினார். ஒவ்வொருவரின் பெட்டியிலும் பழையதோடு புதியதைச் சேர்த்தார். மேனேஜரின் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மறந்துபோன அந்த வரியையும் ஃபைலில் எழுதி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

ஹாலில் ஒவ்வொருத்தராக "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று கத்தினார்கள். சற்று நேரத்தில் மேனேஜர் அறையிலிருந்து மாப்பிள்ளைக்கு அழைப்பு வந்தது. அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"நீங்க இருங்க" என்று அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தேன். மேனேஜர் அறைக் கதவை நான் தட்டினேன்.