இடம் மாறிய அபாதிர்

அபாதிர் இறந்த மூன்றாம் வருடம், மாதா நோன்பின் நாலாம் நாள் காலையில், பச்சை குத்தியிருந்த அவன் பெயர் அவன் மனைவி தமியானாவின் முன்கையிலிருந்து கிளம்பி முழங்கைக்கு மேலே போய் உட்கார்ந்தது. முந்தின நாள்தான் துரன்கா மலைமடத்துத் திருவிழாவில் பச்சை குத்துகிற பூலா, குழந்தை ஏந்திய மாதாவை அந்தப் பெயரின் மேல் குத்தி, ஒரு எழுத்துகூடத் தெரியாமல் மறைத்திருந்தான். மாதா குத்திய இடத்திலேயே இருந்தாள்.

எல்லாம் கல்யாணத்துக்காகத்தான். அஸ்யூத் நகரில் மாவை வெயிலில் உப்பவைத்து ரொட்டி சுடுகிற விஸ்ஸா அவளைக் கேட்டிருந்தான், அவளுக்கும் ஆசைதான். நோன்பு முடிந்த முதல் ஞாயிறு கோயிலில் இருவர் தலையிலும் கல்யாணக் கிரீடம் வைப்பதாக நாள் குறித்தாயிற்று. ஆனால் அவனைத் தாயாக இருந்து வளர்த்த அக்கா மத்தில்தா முறுக்கிக்கொண்டாள். "செத்தவன் பேரைக் கையில வச்சிக்கிட்டா என் தம்பிக்குச் சாப்பாடு போடுவே? மறைச்சிட்டு வா. இல்லேன்னா நான் கோயில் வாசப்படி மிதிக்க மாட்டேன்." அக்கா வராமல் விஸ்ஸா மாப்பிள்ளையாக நிற்க மாட்டான். அபாதிரோ ஒன்பது வருடம் தமியானாவை ஒரு சொல் கடிந்தவன் இல்லை. அவனை மறைப்பது அவளுக்கு வருத்தமாக இருந்தது. இருந்தாலும் போனாள்.

பெயர் நகர்ந்ததும் திரும்பப் போய்க் காட்டினாள். பூலா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "என் வேலையில குறை இல்லம்மா. உன் புருஷன்தான் நகந்துட்டாரு" என்று சொல்லி, இந்த முறை குதிரையோடு மார் கிர்கிஸ் என்ற புனிதரைக் குத்தினான். பெயர் தோளுக்கு ஏறியது. அங்கே அவள் பெயர்கொண்ட புனிதையை நாற்பது கன்னியரோடு குத்த இரண்டு நாள் பிடித்தது. கடைசிக் கன்னி முடிந்த அன்று பெயர் கழுத்தெலும்பில், யாரும் எளிதாகப் படிக்கிற மாதிரி நின்றது. தமியானா உட்கார்ந்து அழுதாள். அதற்குமேல் குத்த இடமில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தில்தா சோதிக்க வந்தாள். கையைப் பிடித்ததும் முதலில் மாதாவை முத்தமிட வேண்டியிருந்தது, பிறகு மார் கிர்கிஸை, பிறகு கன்னியர் அத்தனை பேரையும். தோளுக்குப் போய்ச் சேருவதற்குள் கொண்டுவந்த கோபம் தீர்ந்துவிட்டது. கழுத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, "துணியை இழுத்து மூடிக்கோடி" என்றாள். வருவதாக ஒப்புக்கொண்டாள்.

பாதிரியார் தமியானாவின் வலக்கையை எடுத்து விஸ்ஸாவின் கையில் வைத்தபோது, பெயர் துணிக்கடியிலிருந்து இறங்கியது. கன்னியரைத் தாண்டி, குதிரையைச் சுற்றிக்கொண்டு, மாதாவின் அருகே சற்று நின்று, அந்த ஊர்க் கிறிஸ்தவர்கள் எல்லாரும் மணிக்கட்டில் குத்திக்கொள்ளும் சிலுவையை ஒட்டி வந்து விஸ்ஸாவின் கைக்கு மாறி, அவன் சிலுவைக்குச் சற்று மேலே அடங்கியது. முன்வரிசைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பாதிரியாரும் பார்த்துவிட்டு மீதி ஜெபத்தைச் சொன்னார். கோயிலுக்குள் புழுக்கம் அதிகம்.

வாசலில் பூலா காத்திருந்தான். "விஸ்ஸாண்ணே, காசு வேணாம், மறைச்சு விட்டுடறேன்" என்றான்.

தமியானா கணவன் முகத்தைப் பார்த்தாள். விஸ்ஸா கையைத் தூக்கி வெளிச்சத்தில் அந்தப் பெயரைப் படித்தான்.

"வேணாம்ப்பா. அந்த மனுஷன் இன்னும் எத்தனை இடத்துக்குத்தான் ஓடுவாரு? இங்கேயே இருக்கட்டும்."

பெயர் அதன்பிறகு நகரவில்லை. விஸ்ஸா சட்டைக் கையை மடித்துவிட்டுத்தான் மாவு பிசைந்தான். ரொட்டி வாங்க வருகிறவர்கள் கையிலிருந்த பெயரையும் பார்த்து இரண்டு பேருக்கும் சேர்த்து வணக்கம் சொன்னார்கள்.