ரோசம்மா அழாத கட்டம்

'ஜெர்லினுக்கு அழத் தெரியவில்லை' என்று போனில் தட்டிவிட்டு, அதற்கு மேல் ஓடாமல் உட்கார்ந்திருந்தார் அருளானந்தம். பங்குக் கோயிலின் மாத இதழுக்கு நாடக விமர்சனம் கேட்டிருந்தான், அதை நடத்தும் வில்பிரட். இந்த வருடம் முதன்முதலாகப் பெண் வேஷம் போட்ட ஜெர்லினுக்கே அடுத்த வருடமும் அதைக் கொடுப்பதா, பழையபடி ஆம்பளைக்குச் சேலை கட்டிவிடுவதா என்பதை இவர் எழுதுவதைப் பார்த்துத்தான் விழாக்காரர்கள் முடிவு செய்வார்களாம்.

மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கரையில் கிடக்க, தங்கச்சிமடத்துத் திருவிழாவில் காலங்காலமாகப் போடும் நாடகம் 'கரைவீட்டு மருமகள்'. இருபது வருடம் அதில் மருமகள் ரோசம்மா அருளானந்தம்தான். மீசையை மழித்து, மனைவி செபஸ்தியம்மாளின் கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு மேடையேறுவார். மறுநாள் வெறும் மேலுதட்டோடு வலை தைக்கப் போனால் கூட்டாளிகள் சும்மா விடுவார்களா? "என்ன மதினி, அண்ணன் வரலையா?" என்பார்கள். அந்தக் கேலிக்காகவே இன்னொரு தரம் மழிக்கலாம். என்ன நாட்கள் அவை!

கடலுக்குப் போன புருஷன் திரும்பாத கட்டத்தில் அடுப்படியில் விழுந்து புரண்டு அழுவார். கைதட்டல் அடங்காது. நேற்று ஜெர்லின் என்ன செய்தாள்? முறத்தை எடுத்து அரிசியில் கல் பொறுக்கினாள். பொறுக்கிய அரிசியையே மறுபடியும் பொறுக்கினாள். ஒருத்தரும் கைதட்டவில்லை. பெண்கள் பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"ஏ செபஸ்தி, அந்தப் புள்ள அழாமக் கெடுத்துட்டாள்ல?"

வாசலில் நகரை மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"புருசன் கடல்ல கெடக்கயில எவ அழுவா? வீட்டுல கண்ணீர் விழுந்தா கடலுக்கு ஆகாதும்பாக. இங்கன எல்லாப் பொம்பளையும் அப்படித்தான்."

"எனக்குத் தெரியாதே."

"எப்படித் தெரியும்? அப்ப நீங்க கடல்லல்ல இருப்பீக."

"இத்தன வருசமா அழுது தொலைச்சேனே, ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

"என் சேலையக் கட்டிக்கிட்டு அம்புட்டு சந்தோசமா நின்னீக. சொல்ல வாய் வரல."

அருளானந்தத்துக்கு வெட்கமாக இருந்தது. அவள் சேலையை உடுத்தி, அவள் நடையை நடந்து, ஊரெல்லாம் பேர் வாங்கியிருக்கிறார். அவளை மட்டும் பார்த்ததில்லை. தட்டி வைத்திருந்த வரியை எழுத்தெழுத்தாக அழித்தார்.

"அப்ப நீ எப்பத்தான் அழுவ?"

"நீங்க வந்து, சாப்பிட்டுத் தூங்குன பெறகு."

சொல்லிவிட்டு, ஒன்றுமே சொல்லாதவள்போல அடுத்த மீனை எடுத்துச் செதில் உரசத் தொடங்கினாள்.